சென்னை அடுக்ககத்தில் முதல் கடல்நீர்த் தொட்டி: நீர், பாறை, வெப்பம் குறித்த ஐயங்கள்

அடையாறு_மீன்பிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நன்னீர் மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். ஏஞ்சலில் தொடங்கி டிஸ்கஸ் வரை வந்தாயிற்று. இப்போது கடல்நீர்த் தொட்டி ஒன்று வைக்க ஆசை. வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று தொட்டிக்கு அளவு கொடுக்க எண்ணியிருக்கிறேன். பவளம் வளர்க்கும் நோக்கம் இல்லை. கொஞ்சம் பாறையும் நான்கைந்து மீன்களும் இருந்தால் போதும்.

கோவளத்தில் தெரிந்த படகுக்காரர் ஒருவர் இருப்பதால், கடல்நீரைக் கேன்களில் பிடித்து வந்துவிடலாம் என்பது என் கணக்கு. இராமநாதபுரம் பக்கத்தில் ஒருவர், நுண்ணுயிர்கள் ஒட்டிய கடற்பாறையான லைவ் ராக்கைக் கிலோக் கணக்கில் தருவதாகச் சொல்கிறார். அவருடைய எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். மீன்கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருகுவதற்காக முதலில் இரண்டு மூன்று டாம்செல் மீன்களை விடும்படி கடைக்காரர் கூறினார். நீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலையைக் கேட்டபின் மின்விசிறியை வைத்தே சமாளிக்க முடியாதா என்று தோன்றுகிறது. இத்திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

நெறியாளர் எழுதியது:

மேலுள்ள பதிவிலிருந்து விற்பனையாளரின் தொலைபேசி எண்ணை நீக்கியிருக்கிறேன். காரணம் இவ்விழையிலேயே விரைவில் விளங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

உவர்க்காற்று எழுதியது:

வணக்கம். கோவளத்து நீரை முதல் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நீர் அழுக்கானது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. எந்த நாளில் பிடித்த நீரில் என்ன இருக்கிறது என்பதைப் புதியவர் ஒருவர் வீட்டிலிருந்தபடி அறிய முடியாது என்பதே என் தயக்கம். உலகக் கடல்களின் சராசரி உவர்ப்பு ஒரு கிலோ நீரில் 35 கிராம் என்று படித்திருப்பீர்கள். வங்காள விரிகுடாவின் மேல்நீரில் அந்த அளவை எதிர்பார்க்கக் கூடாது. கங்கை, பிரம்மபுத்திரா முதலிய ஆறுகள் மழைக்காலத்தில் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டத்துடன் தெற்கு நோக்கி இறங்குகிறது. அதே மாதங்களில்தான் நம் கரையில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. ஆகவே ஐப்பசியில் பிடித்த கேனும் சித்திரையில் பிடித்த கேனும் ஒன்றாக இருக்காது. முகத்துவாரங்கள் வழியாக நகரத்துக் கழிவுநீர் வருவதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும் பார்த்தோம்.

ஆர்.ஓ. நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்துக்கொள்வதே நிதானமான வழி. லிட்டருக்கு ஏறத்தாழ 36 முதல் 38 கிராம் கலவை பிடிக்கும். கலவையின் உப்புகளில் நீரும் சேர்ந்திருக்கும் என்பதால்தான் 35 என்ற கணக்கோடு அது பொருந்துவதில்லை. உங்கள் தொட்டி விளிம்பு வரை 255 லிட்டர் கொள்ளும். மேலே விடும் இடைவெளியும் பாறை அடைக்கும் இடமும் போக, 200 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால் முதல் நிரப்பல் ஏறத்தாழ ஏழரைக் கிலோவில் முடிந்துவிடும். தொட்டிக்குக் கீழே வடிகட்டித் தொட்டியாகச் சம்ப் வைத்தால் அதற்குத் தனிக் கணக்கு. உவர்ப்பை அளக்க மிதவைக் கருவியை நம்பாமல், ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்குங்கள். மிதவையின் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் நீரில் மட்டும் சரிபார்த்துவிட்டு விடாமல், 35 அளவுள்ள சோதனைக் கரைசலில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 25 டிகிரி வெப்பநிலையில் ஒப்படர்த்தி 1.025, 1.026 என்று காட்ட வேண்டும்.

ஆர்.ஓ. நீர் என்றதும் சமையலறை இயந்திரத்தின் குழாயைத் திறந்துவிடாதீர்கள். வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரைச் சிறிதளவு கலக்கும் டி.டி.எஸ். (கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) திருகு ஒன்று உண்டு. அதை முழுவதும் மூட வேண்டும். அண்மைக்காலத்தில் ‘காப்பர்’ என்று விளம்பரப்படுத்தி, நீரில் செம்பைச் சேர்க்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு. டி.டி.எஸ். 1000க்கு மேல் உள்ள ஆழ்குழாய் நீரைச் சவ்வு 95 விழுக்காடு வடிகட்டினாலும் 50 மிஞ்சும். அதற்குப் பின்னால், எஞ்சிய உப்புகளை நீக்கும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்றைப் பொருத்தி, மீட்டரில் சுழியம் வரும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள். முதல் மாதங்களில் கண்ணாடியெங்கும் பழுப்புப் பாசி படர்வதற்கு இந்த மிச்சத்திலுள்ள சிலிக்கேட்டும் ஒரு காரணம்.

நெய்தல்நிலத்தான் எழுதியது:

உவர்க்காற்று அவர்களின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் இயற்கைக் கடல்நீரை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. 1909ஆம் ஆண்டிலேயே சென்னை மெரினாவில் கடல் உயிரினக் காட்சியகம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் உப்புக் கலவை எந்த வாளியில் வந்தது? மண்டபம், விழிஞ்ஞம் போன்ற இடங்களில் மீன் குஞ்சு பொரிப்பகங்களும் கடல்நீரில்தான் நடக்கின்றன. கரையிலிருந்து விலகி, மழை பெய்யாத மாதங்களில், படகில் சென்று பிடிக்கும் நீரை மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால் மிதவை உயிரிகள் மடிந்து அடியில் படிந்துவிடும். பிறகு மேல்நீரை வடிகட்டி, உவர்ப்பை அளந்து, குறையும் அளவுக்குக் கலவை சேர்த்துக்கொள்ளலாம். செலவு பெருமளவு குறையும்.

உவர்க்காற்று எழுதியது:

நெய்தல்நிலத்தான் அவர்களுக்கு: பொரிப்பகத்தில் மணல் வடிகட்டி, புற ஊதா விளக்கு, நாள்தோறும் நீரைச் சோதிக்க ஆள், கெட்டால் கொட்டிவிட்டு மறுநாள் புது நீர் ஏற்ற ஒரு பம்பு என்று எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் மாடிக்குக் கேன்களைத் தூக்கிச் செல்பவரிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. கடலை அறிந்த தங்களுக்கு அது கைவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மீன் சாகத் தொடங்கினால், நீரா, நோயா, வெப்பமா என்று தேட வேண்டிய முதல் ஆண்டில், நீர் என்ற ஐயத்தையாவது நீக்கிவைப்பது கேள்வி கேட்டவருக்கு உதவும்.

கேட்டுவிட்டுப்_போகிறேன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உப்புக் கலவை விலை அதிகமாக இருக்கிறதே, தூத்துக்குடிக் கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது, அதையே ஆர்.ஓ. நீரில் கரைத்தால் ஆகாதா?

முத்துநகர்_உப்பளம் எழுதியது:

எங்கள் ஊர்ப் பெயர் வந்ததால் பதில் சொல்கிறேன். ஆகாது, ஏன் ஆகாது என்பதை உப்பளத்துப் பாத்தியில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். கடல்நீர் பாத்திகளில் வற்றி வரும்போது முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்கள் படிகின்றன. ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட்டு அடித்தளத்தில் ஏடுபோல் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின் நீரை அடுத்த பாத்திக்கு மாற்றி, அடர்த்தி ஏறியதும் உப்பு விளைய விடுவார்கள். உப்பு விளைந்த பிறகு எஞ்சும் கசப்பு நீரை வடித்து வெளியேற்றிவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் அதில்தான் போகின்றன. கசப்பு நீர் தங்கினால் உப்பு கசக்கும், ஈரம் கோக்கும், விலை போகாது. ஆக, நல்ல உப்பு என்பது கடலின் பிற சத்துகள் இயன்றவரை நீக்கப்பட்ட சோடியம் குளோரைடு. இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும் 1280 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் இருக்கும். கல்லுப்பைக் கரைத்தால் உவர்ப்பு மானியில் 35 காட்டும். மீனுக்கு வேண்டிய இவை அதில் பெயரளவுக்கே இருக்கும். சமையல் பாக்கெட் உப்பில் அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கூடுதல்.

மன்னார்_தீவுகள் எழுதியது:

லைவ் ராக் பற்றி ஒருவரும் இன்னும் பேசவில்லை. அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

இராமநாதபுரம் பக்கம் கிலோக் கணக்கில் கிடைக்கும் அந்தப் பாறை வேறொன்றுமில்லை, மன்னார் வளைகுடாவின் பவளம்தான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001ஆம் ஆண்டில் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றோடு கடல் குதிரைகளும் கடல் அட்டைகளும் அப்போதே அட்டவணைக்குள் வந்தன. 2022 திருத்தத்துக்குப் பிறகும் பவளத்தின் நிலை தளரவில்லை. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை உண்டு, அபராதம் தனி. செத்த பவளம் என்று சொல்லித் தப்ப முடியாது. உயிரினத்தின் பகுதியும் சட்டத்துக்குள் வரும். “எல்லோரும்தான் விற்கிறார்கள்” என்பது விற்பவரின் வாதம். பார்சல் பிடிபடும்போது முகவரி வாங்குபவருடையதாக இருக்கும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைக் கொண்டு 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீர்மட்டத்துக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை ஆண்டாண்டு காலமாக வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கும் அரண் போய்விட்டது, தீவும் போய்விட்டது. கூடத்து அலங்காரத்துக்காக அதே பாறையில் இன்னும் நாற்பது கிலோ கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்று வழிகள் இருக்கின்றன. நுண்துளைகள் உள்ள பீங்கான் பாறைகள் கிடைக்கின்றன. வெள்ளைச் சிமெண்ட், கிளிஞ்சல் தூள், கரடான உப்பு மூன்றையும் பிசைந்து வீட்டிலேயே வார்க்கலாம். உப்பு கரைந்தபின் துளைகள் எஞ்சும். சிமெண்டின் காரம் இறங்கும்வரை வாரக்கணக்கில் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, பி.எச். உயராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொட்டியில் அடுக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ளப் பரப்புத்தான். அப்பரப்பு மன்னார் வளைகுடாவிலிருந்து வந்ததா, கொல்லைப்புறத்தில் வார்த்ததா என்று அது பார்ப்பதில்லை.

மணலுக்கும் கடற்கரைக்குப் போகாதீர்கள். நம் கரையின் மணல் பெரும்பாலும் சிலிக்கா. தெற்கே மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட்டு, மோனசைட்டு போன்ற கன கனிமங்கள் கலந்தது. மணலே போடாமல் வெறும் கண்ணாடித் தரையோடு தொடங்குவதில் குறையொன்றும் இல்லை. கழிவை உறிஞ்சி எடுப்பதும் எளிது.

அடையாறு_மீன்பிரியர் எழுதியது:

பாறை விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீரையும் கலவையிலேயே தயாரித்துக்கொள்கிறேன். டாம்செல், சில்லர் இரண்டைப் பற்றியும் தெளிவுபடுத்தினால் நன்று. நன்னீர்த் தொட்டிகளை மலிவான மீன்களைக் கொண்டே பழக்கியிருக்கிறேன். இங்கே அது ஏன் கூடாது?

அம்மோனியா_சுழியம் எழுதியது:

நன்னீரில் தங்கள் முறை வேலை செய்ததற்குப் பி.எச். ஒரு காரணம். அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று நஞ்சு, மற்றது பெரும்பாலும் தீங்கற்றது. பி.எச். 7 உள்ள டிஸ்கஸ் தொட்டியில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் நிற்பதால் அதே அம்மோனியாவில் நஞ்சின் பங்கு பத்து மடங்குக்கு மேல் உயர்கிறது. டாம்செல் அதைத் தாங்கிப் பிழைப்பதால்தான் கடைகளில் அதைத் தருகிறார்கள். ஆனால் பிழைத்த டாம்செல் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் விடும் ஒவ்வொரு மீனையும் கடித்துத் துரத்தும். அடுக்கிய பாறைகளைக் கலைக்காமல் அதைப் பிடித்து வெளியேற்றவும் முடியாது.

மீன் இல்லாமலே பழக்கலாம். ஆய்வகத் தரத்திலுள்ள அம்மோனியம் குளோரைடை வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கிடைப்பதும் இதே பொருள்தான் என்றாலும், அதன் தூய்மைக்கு உறுதியில்லை. 200 லிட்டர் நீரில் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் கரைத்தால் அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு வரும். பாக்டீரியாக் கரைசல் புட்டி ஒன்றையும் ஊற்றி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை நிறுத்திவைத்துவிட்டு, நீரை மட்டும் ஓடவிடுங்கள். முதலில் அம்மோனியா இறங்கி நைட்ரைட்டு ஏறும். பிறகு நைட்ரைட்டு இறங்கி நைட்ரேட்டு ஏறும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். மீண்டும் 2 பி.பி.எம். சேர்த்து, மறுநாள் அதே நேரத்தில் அளக்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருந்தால் தொட்டி தயார்.

நன்னீர்ப் பழக்கத்தில் நைட்ரைட்டைக் கண்டு அஞ்சியிருப்பீர்கள். கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் செவுள் வழியாக நைட்ரைட்டு உடலுக்குள் புகுவது பெரிதும் தடைபடுகிறது. அம்மோனியாதான் இங்கே கொல்லும். பழகி முடிந்தபின் விளக்கைக் குறைத்து, நீரில் கணிசமான பங்கை மாற்றி, நைட்ரேட்டை இறக்கிய பிறகு மீனுக்குப் போகலாம்.

வேளச்சேரி_சம்ப் எழுதியது:

வெப்பத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். சென்னையில் கடல்நீர்த் தொட்டி வைப்பவருக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று மே மாதத்தில் வரும், மற்றது டிசம்பரில் வரும்.

மே மாதத்தில் அறையின் வெப்பம் 34 டிகிரி இருந்தால், பம்புகளும் விளக்கும் சேர்த்துக் கொடுக்கும் சூட்டில் நீர் அறையையும் மிஞ்சும். நாம் விரும்புவது 25 முதல் 27. மின்விசிறி நீரின் மேற்பரப்பில் வீசும்போது நீர் ஆவியாகிக் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் ஆவியாவதற்கு 580 கிலோகலோரி அளவில் வெப்பம் தேவை என்பதால், 250 லிட்டர் நீரிலிருந்து அது இரண்டு டிகிரிக்கு மேல் பறித்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆவியாதல் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. கோயம்புத்தூரில் இந்த உத்தி ஓரளவு எடுபடும். வியர்வையே காயாத நம் கடற்கரைக் காற்றில் எவ்வளவு பெரிய விசிறி வைத்தாலும் ஓர் எல்லைக்குக் கீழே நீர் இறங்காது. அந்த எல்லை கோடையில் 28, 29க்கு மேலேயே நின்றுவிடும். இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடும் அறையாக இருந்தால் சில்லர் வேண்டாம். இரவில் மட்டும் ஓடும் அறையானால் நாளுக்கு ஐந்தாறு டிகிரி ஏறி இறங்கும்; அது நிலையான 29ஐவிடத் தீது. எனவே, வாங்கியே ஆக வேண்டிய கருவி எது என்று கேட்டால் நான் சில்லர் என்றுதான் சொல்வேன். அதற்கான பணம் சேரும்வரை தொட்டியைத் தள்ளிப்போடலாம், தவறில்லை.

விசிறி வைத்தாலும் வைக்காவிட்டாலும் நாள்தோறும் நீர் குறையும். குறைவது நீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஈடுசெய்யும்போது உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஊற்றாமல், மட்டம் பார்த்துத் தானாகச் சேர்க்கும் ஏ.டி.ஓ. கருவியை வைத்துக்கொண்டால் உவர்ப்பு ஆடாது.

டிசம்பரில் வருவது மின்தடை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த மாதத்தில் வெப்பம் தொல்லை தராது; மூச்சுத்தான் தொல்லை. ஒரே வெப்பநிலையில் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனைத்தான் தாங்கும். பாறையிலுள்ள பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனைத்தான் பயன்படுத்துகிறது. மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்பு கிடைக்கிறது. சில்லருக்கு அடுத்தபடியாக அதைச் சொல்வேன். வீட்டு இன்வெர்ட்டரில் சில்லரை ஏற்றாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டரானால் ஏ.சி. பம்புகள் உறுமும், சூடேறும். சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பை 24 வோல்ட் டி.சி. வகையாக வாங்கினால் பேட்டரியில் நேரடியாக ஓட்டலாம்.

மின்தடைக்கு இன்னொரு முகமும் உண்டு. ரிட்டர்ன் பம்பு நின்றதும் மேல்தொட்டியின் நீர் சம்புக்கு இறங்கும். உங்கள் தொட்டியின் பரப்பில் மூன்று சென்டிமீட்டர் நீர் இறங்கினால் அதுவே ஏறத்தாழ 17 லிட்டர். குழாய்களில் நிற்பது தனி. சம்பில் அவ்வளவு இடம் காலியாக இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கட்டும். ஆழத்தில் இருந்தால் சைபன் பிடித்து, வாய் வெளியே தெரியும்வரை நீரை இறக்கிக்கொண்டே இருக்கும். திரும்பிப்போகாத வால்வை நம்ப வேண்டாம்; அதில் உப்பும் புழுக்கூடும் படிந்து ஒருநாள் மூடாமல் நிற்கும்.

நெய்தல்நிலத்தான் எழுதியது:

எடையைப் பற்றியும் ஒரு சொல். நீர், பாறை, கண்ணாடி, சம்ப், தாங்கி எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தொடும். கூடத்தின் நடுவில் வைக்காமல், கீழே உத்தரம் ஓடும் சுவரோரமாக வையுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தாங்கியை இரும்பில் செய்தால் பவுடர் கோட்டிங் இல்லாமல் நம் ஊர்க் காற்றில் ஓராண்டு தாங்காது. பிளக்குகள் தொட்டிக்கு மேலே ஒரு பக்கமாக இருக்கட்டும். ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தாழ்ந்து ஏறினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கடல்நீரில் கை வைக்கவே கூடாது.

கோமாளி_ஜோடி எழுதியது:

மீன் தேர்வைப் பற்றி எழுத எனக்கு விருப்பம். முதல் மீனாகக் கோமாளி மீன் ஜோடியைச் சொல்வேன், அதுவும் பொரிப்பகத்தில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதன் இனப்பெருக்க முறைகளை நம் நாட்டிலேயே நிலைநிறுத்தியிருக்கிறது. பொரிப்பகக் குஞ்சு, தொட்டியையும் உலர் உணவையும் ஏற்கெனவே அறிந்திருக்கும். கடலில் பிடித்தது பட்டினி கிடந்து பழக வேண்டும். கோமாளிகள் எல்லாம் ஆணாகவே வாழ்வைத் தொடங்குகின்றன. கூட்டத்தில் வலுத்தது பெண்ணாக மாறும். ஆகவே அளவில் வேறுபட்ட இரண்டு சிறு மீன்களை வாங்கினால் ஜோடியை அவையே அமைத்துக்கொள்ளும். கடலில் அவை குடியிருக்கும் கடற்சாமந்தி என்ற உயிரினம் இல்லாமலும் அவை நன்றாகவே வாழும். அதைப் புதுத் தொட்டியில் வைத்தால் இடம் பிடிக்காமல் நகர்ந்து பம்பில் சிக்கி அரைபடும், தொட்டியே கெடும்.

நீல டாங்கு மீனைக் கேட்டு வீட்டுப் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். அது 30 சென்டிமீட்டர் வரை வளரும். நான்கடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீனின் அழகில் மயங்கி வாங்குபவர்கள் பலர். அது கோபிபாடு என்ற நுண்ணிய நீருயிரிகளை நாள் முழுவதும் கொத்தித் தின்பது, புதுத் தொட்டியில் இளைத்து இளைத்துச் சாகும். பட்டாம்பூச்சி மீன்களில் பல பவளத்தையே உணவாகக் கொண்டவை. கடல் குதிரையைப் பற்றி மன்னார்_தீவுகள் சொல்லிவிட்டார்.

எந்த மீனானாலும் நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். ஸ்பாஞ்சு வடிகட்டியுள்ள இரண்டடித் தொட்டியில் நான்கு வாரமாவது தனித்து வையுங்கள். கடல் மீனின் வெண்புள்ளி நோய், நன்னீரில் தாங்கள் பார்த்த வெண்புள்ளி அன்று, கிருமியே வேறு. அங்கே கல்லுப்பைப் போட்டுக் குணப்படுத்தினோம். உப்பிலேயே வாழும் கிருமிக்கு உப்பு என்ன செய்யும்? செம்பு மருந்து கேட்கும், ஆனால் அதைப் பாறையும் இறாலும் உள்ள தொட்டியில் ஊற்ற முடியாது. பெரிய தொட்டியில் நோய் புகுந்துவிட்டால், மீன்களையெல்லாம் வெளியேற்றி, இரண்டரை மாதம் வரை தொட்டியை மீனில்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும்.

அம்மோனியா_சுழியம் எழுதியது:

விட்டுப்போன ஒன்று: கொசுவிரட்டி. திரவ விரட்டியிலும் தெளிப்பானிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. காற்றுப் பம்பும் ஸ்கிம்மரும் அறைக்காற்றை இடைவிடாமல் நீருக்குள் இழுப்பவை. தொட்டி உள்ள அறையில் அவற்றைத் தவிர்த்து, சன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

அடையாறு_மீன்பிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சில்லருக்காகத் தொட்டியைச் சில மாதம் தள்ளிவைக்கிறேன். அதுவரை ஆர்.ஓ. இணைப்பையும் பாறை வார்ப்பதையும் பார்த்துக்கொள்கிறேன். ஓர் ஐயம் மட்டும் மிச்சம்: சில்லரைத் தொட்டியின் அடியிலுள்ள அலமாரிக்குள் சம்புக்கு அருகிலேயே வைத்துவிடலாமா? கூடத்தில் அது கண்ணில் படுவதை வீட்டில் விரும்பவில்லை.

வேளச்சேரி_சம்ப் எழுதியது:

கூடாது. சில்லர் நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தைத் தன் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. மூடிய அலமாரிக்குள் அதே சூடான காற்றை அது மீண்டும் மீண்டும் இழுத்து, நிற்காமல் ஓடிக் கம்பிரசரைக் கெடுத்துக்கொள்ளும். சம்பின் உப்பு ஈரம் அதன் சுருள்களை அரிக்கும் என்பது வேறு. கூடத்துக்கும் பால்கனிக்கும் இடையிலுள்ள சுவரில் இரண்டு குழாய்கள் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, சில்லரைப் பால்கனியில் வெயிலும் மழையும் படாத மூலையில் வைத்துவிடுங்கள். வெப்பமும் ஓசையும் வீட்டுக்குள் வரா. குழாய் நீள்வதால் பம்பின் விசை குறையும், அதற்கேற்பச் சற்றுப் பெரிய பம்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியிலுள்ள குழாய்களுக்கு ஏ.சி. மெக்கானிக்குகள் சுற்றும் கறுப்பு நுரை உறையைச் சுற்றிவிடுங்கள். உப்பு போடுவதற்கு முன், வெறும் குழாய் நீரை நிரப்பிச் சில நாள் ஓட்டி, நடுவில் மெயின் சுவிட்சை அணைத்து, சம்பில் நீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். அந்த மட்டத்துக்கு மேல் நான்கு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையென்றால் சம்பில் ஓடும் நீரின் மட்டத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி அணைத்துப் பாருங்கள்.